ஆராதனை எத்தனை மணிக்கு முடியும்?

கேள்வி: ஐயா, நாங்கள் வெள்ளவத்தையில் வசிக்கிறோம். தெஹிவளையில் உள்ள ஒரு சுயாதீன சபைக்கு ஆறு வருடங்களாகப் போய்வருகிறேன். காலை ஒன்பது மணிக்கு ஆராதனை என்று பலகையில் எழுதியிருக்கிறது. தொடங்க ஒன்பதரை ஆகும். முடிவது சில வாரம் பன்னிரண்டரை, சில வாரம் ஒன்றரை. கடந்த மாதம் ஒரு ஞாயிறு இரண்டு மணியையும் தாண்டியது. என் மாமியாருக்குச் சீனி வருத்தம்; அன்று தலைசுற்றி நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். மகன் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறான். ஒன்றரை மணிக்குப் பம்பலப்பிட்டியில் கணித வகுப்பு. ஒருநாள் அவன் இடையில் எழுந்து போனபோது, "உலகத்துக்கு நேரம் இருக்கிறது, கர்த்தருக்குத்தான் நேரமில்லை" என்று பாஸ்டர் மேடையிலிருந்து சொன்னார். பெயர் சொல்லவில்லை, ஆனாலும் எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். என் கணவர் கத்தோலிக்கர். கல்யாணத்துக்குப் பிறகு என்னோடு வந்துகொண்டிருந்தவர் இப்போது வருவதில்லை. "எங்கள் பூசை ஒரு மணி நேரத்தில் முடிகிறது. அங்கே கடவுள் வருவதில்லையா?" என்று கேட்கிறார். ஆராதனை எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்று வேதத்தில் எங்காவது சொல்லியிருக்கிறதா? இடையில் எழுந்து போவது பாவமா? பாஸ்டரிடம் இதை எப்படிப் பேசுவது?

— வெள்ளவத்தை வாசகி

சகோதரி, உங்கள் மூன்று கேள்விகளுக்கும் முன் மாமியாரின் காரியத்தைப் பார்த்துவிடுவோம். சீனிக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப்போட்டால் இரத்தத்தில் சீனி சட்டென்று இறங்கிவிடலாம். அன்று வந்தது அதுவா வேறெதுவா என்பதை அவருடைய வைத்தியர்தான் சொல்ல வேண்டும். இந்த வாரமே கேளுங்கள். அதுவரை ஞாயிற்றுக்கிழமைப் பையில் வேதாகமத்தோடு நாலு பிஸ்கட்டும் ஒரு போத்தல் தண்ணீரும் இருக்கட்டும். பதினொன்றரைக்குப் பசித்தால் பதினொன்றரைக்கே சாப்பிடட்டும். பிரசங்கத்தின் நடுவே பிஸ்கட் உறை சரசரப்பது எந்தப் பிரசங்கியாருக்கும் பிடிக்காதுதான். முப்பத்திரண்டு வருடம் மேடையில் நின்று, இப்போது ஓய்வில் இருக்கும் மெதடிஸ்த குருவானவன் சொல்கிறேன்: அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

இனி வேதத்துக்கு வருவோம். மணிக்கணக்கு எதுவும் அதில் இல்லை. நீண்ட ஆராதனைக்கு ஆதாரம் தேடுகிறவர்கள் வழக்கமாக இரண்டு இடங்களைத் திறப்பார்கள். ஒன்று நெகேமியா 8-ஆம் அதிகாரம். விடிந்தது முதல் மத்தியானம் வரை எஸ்றா நியாயப்பிரமாணத்தை வாசிக்கிறார், ஜனங்கள் கேட்கிறார்கள். மற்றது அப்போஸ்தலர் 20. துரோவா பட்டணத்தில் பவுல் நடுராத்திரி வரை பேசுகிறார். இரண்டும் நல்ல இடங்கள்தான், கடைசிவரை வாசித்தால். எஸ்றாவின் வாசிப்பு ஏழாம் மாதம் முதல் தேதியில் வந்த ஒரு விசேஷ நாளில் நடந்தது. அது மத்தியானத்தோடு முடிந்தது. முடிந்ததும் ஜனங்களுக்குக் கிடைத்த கட்டளை, போய்க் கொழுமையானதைச் சாப்பிட்டு இனிப்பானதைக் குடியுங்கள், இல்லாதவர்களுக்கும் கொடுத்தனுப்புங்கள் என்பது. உங்கள் மாமியாருக்கு இந்த வசனத்தைக் காட்டுங்கள், சந்தோஷப்படுவார்.

துரோவாவில் பவுல் மறுநாள் ஊரைவிட்டுப் புறப்பட இருந்தார். அதனால்தான் அந்த நீளம். ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்ற வாலிபன் தூக்கமயக்கத்தில் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். இதை எழுதிய லூக்கா பையனுக்கு விசுவாசம் போதாது என்று எழுதவில்லை. அந்த மேல்வீட்டில் அநேக விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார். அவனுக்காகப் பரிந்து எழுதிய வரி அது என்றே எனக்குப் படுகிறது. அத்தனை விளக்கின் சூட்டில் யாருக்குத்தான் கண் சொருகாது? பவுல் பேச்சை நிறுத்திவிட்டு இறங்கிப் போய் அவனை அணைத்துக்கொண்டார். அதன் பிறகுதான் விடியும்வரை பேசினார். உங்கள் மாமியார் சாய்ந்த அன்று பிரசங்கம் நின்றதா என்று நீங்கள் எழுதவில்லை.

"ஆவியானவர் நடத்தும்போது கடிகாரம் பார்க்க முடியாது" என்ற பேச்சையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். அதற்குப் பவுலே 1 கொரிந்தியர் 14-ஆம் அதிகாரத்தில் பதில் எழுதியிருக்கிறார். கொரிந்து சபையில் ஆளாளுக்கு எழுந்து பேசிக்கொண்டிருந்தபோது, தீர்க்கதரிசனம் சொல்பவர்கள் இரண்டு மூன்று பேர் பேசினால் போதும் என்றார். தீர்க்கதரிசிகளுடைய ஆவிகள் தீர்க்கதரிசிகளுக்கு அடங்கியிருக்கிறது என்றும் அதே அதிகாரத்தில் சொன்னார். நிறுத்த முடியவில்லை என்று ஒருவர் சொன்னால், அது பவுல் அறிந்த ஆவியின் வேலை இல்லை.

இதைவிட எனக்குப் பிடித்தது கி.பி. 155 அளவில் உரோமாபுரியில் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ ஆசிரியர் எழுதிவைத்த விவரம். ஞாயிறு கூட்டத்தில் அப்போஸ்தலர்களின் நினைவுக் குறிப்புகளோ தீர்க்கதரிசிகளின் எழுத்துகளோ நேரம் இடங்கொடுக்கும்வரை வாசிக்கப்படும் என்கிறார். பிறகு தலைவர் புத்திமதி சொல்வார், எல்லோரும் எழுந்து ஜெபிப்பார்கள், அப்பமும் இரசமும் பகிரப்படும், வர முடியாதவர்களுக்கு வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கப்படும். நேரம் இடங்கொடுக்கும்வரை என்றாரே, யாருடைய நேரம்? பேரரசர் கொன்ஸ்தந்தீன் 321-இல் ஞாயிறை ஓய்வு நாளாக அறிவிக்கும்வரை உரோமைப் பேரரசில் அது வேலை நாள். கூடியவர்களில் அடிமைகளும் இருந்தார்கள். அவர்களுடைய பொழுது எஜமானின் கையில் இருந்தது. அவர்களுக்குக் கிடைத்த இடைவெளிக்குள் சபை தன் ஆராதனையை வைத்துக்கொண்டது. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய எங்கள் ஜோன் வெஸ்லியும் விடிகாலை ஐந்து மணிக்குப் பிரசங்கம் வைத்தார், வேலைக்குப் போகிறவர்கள் கேட்டுவிட்டுப் போகட்டும் என்று.

வெவ்வேறு சபைகள் வெவ்வேறு அளவு வைத்திருக்கின்றன. மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2024-இல் மறையுரை எட்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் ஜனங்கள் தூங்கிவிடுவார்கள் என்றார். இங்கிலாந்தில் சீர்திருத்தத்துக்குப் பிந்திய காலத்தில் பல ஆலயங்களின் பிரசங்க மேடையில் மணற்கடிகாரம் இருந்தது. பிரசங்கம் ஒரு மணி நேரம் போவது அங்கே சாதாரணம். எத்தியோப்பியத் திருச்சபையில் ஆராதனை மணிக்கணக்காகப் போகும், அதுவும் நின்றபடி. ஆனால் ஊன்றிக்கொள்ள உயரமான ஒரு தடியும் வைத்திருப்பார்கள். அந்தத் தடியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. நெடுநேரம் நிற்கச் சொன்ன சபை, கால் வலிக்கும் என்பதையும் ஒப்புக்கொண்டிருக்கிறது.

இப்போது உங்கள் சபையின் பக்கம் நின்று கொஞ்சம் பேசுகிறேன், கோபிக்காதீர்கள். எங்களைப் போன்ற பழைய சபைகளில் ஆராதனை ஒன்றேகால் மணி நேரத்தில் முடிவதற்குப் பக்தியோ ஞானமோ காரணம் என்று நினைத்துவிட வேண்டாம். கொழும்பில் ஒரே ஆலயத்தில் ஆங்கிலம், சிங்களம், தமிழ் என்று மூன்று ஆராதனை. நான் ஊழியம் செய்த ஓர் இடத்தில் ஆங்கிலம் ஏழரை, தமிழ் ஒன்பது, சிங்களம் பத்தரை. பத்து இருபதுக்கே வெள்ளை உடுத்த ஆச்சிமார் சிங்களப் பாட்டுப் புத்தகத்தோடு வாசலில் வந்து நிற்பார்கள். அவர்களைப் பார்த்த பிறகும் பிரசங்கத்தை நீட்ட எனக்குத் துணிவு வந்ததில்லை. உங்கள் சபை நாள் முழுவதற்கும் எடுத்த மண்டபத்தில் கூடுகிறது என்று நினைக்கிறேன். வாசலில் யாரும் காத்திருப்பதில்லை. அச்சடித்த ஆராதனை முறையும் கையில் இல்லை. அப்படி இருந்தால் நானும் இரண்டு மணி வரை போயிருப்பேன்.

உங்களுக்கு அருகில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். ஹட்டனிலிருந்தும் பதுளையிலிருந்தும் வந்து புறக்கோட்டைக் கடைகளில் ஆறு நாள் நிற்கும் பையன்கள், கொழும்பு ஏழிலும் பம்பலப்பிட்டியிலும் வீட்டு வேலைக்கு இருக்கும் பெண்கள் உங்கள் சபையிலும் இருப்பார்கள். கடைக்கு மேலே ஆறு பேர் படுக்கும் அறை, அல்லது சமையலறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, அவ்வளவுதான் அவர்களுக்கு இந்த நகரம். ஞாயிறு காலை அந்த மண்டபத்தில்தான் அவர்களை யாராவது பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். ஊர்ச் செய்தி கிடைக்கிறது. அம்மாவின் வருத்தத்துக்கு ஜெபிக்கச் சொல்ல ஓர் இடம் இருக்கிறது. ஒரு மணிக்கு ஆராதனை முடிந்தால் அவர்கள் எங்கே போவார்கள்? காலிமுகத் திடலுக்குப் போய்ச் சாயங்காலம் வரை கடலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஒருமுறை நான் ஆராதனையை இருபது நிமிடம் குறைத்துவிட்டுப் பெருமையாக நின்றபோது, அப்படிப்பட்ட ஒரு பையன் வந்து கேட்டான்: "ஐயா, இன்றைக்கு ஏன் நேரத்தோடு அனுப்புகிறீர்கள்?" அவனுக்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. நல்ல பதிலாக இருந்திருக்காது.

ஆகவே உங்கள் பாஸ்டர் நாலு மணி நேரம் நடத்துகிறார் என்பது என்னுடைய முறைப்பாடு இல்லை. ஒன்பது என்று எழுதிவிட்டு ஒன்பதரைக்குத் தொடங்குவதும், எப்போது முடியும் என்று மேடையில் நிற்பவருக்கே தெரியாதிருப்பதும்தான் என்னை உறுத்துகிறது. ஒன்பதிலிருந்து ஒன்று வரை என்று பலகையில் எழுதி ஒன்றுக்கு முடித்தால், மாமியார் எட்டரைக்கு என்ன சாப்பிடுவது என்று நீங்கள் திட்டமிடலாம், மகன் வகுப்பை மாற்றலாம், வீட்டு வேலைக்கு இருக்கும் பிள்ளை எஜமானியிடம் நேரம் சொல்லிவிட்டு வரலாம். அவள் அரை மணி பிந்திப் போனால் அடுத்த ஞாயிறு லீவு கிடைக்காமல் போகலாம். பாஸ்டருக்கு அது தெரியாமலும் இருக்கலாம்.

ஓர் எண் கேட்டீர்கள், அதைச் சொல்லாமல் தப்பிக்க மாட்டேன். பிள்ளைகளும் முதியவர்களும் ஒன்றாக இருக்கும் ஆராதனைக்கு ஒன்றரை மணி நேரம், அதில் பிரசங்கத்துக்கு இருபத்தைந்து நிமிடம். திருவிருந்து உள்ள ஞாயிறு இன்னுமொரு கால் மணி. இது என் தீர்ப்பு, வேத கட்டளை இல்லை. அந்த ஒன்றரை மணி முடிந்ததும் ஆசீர்வாதம் கூறிவிட வேண்டும். போகவேண்டியவர்கள் போகட்டும். அதற்குப் பிறகு சாட்சி, தனி ஜெபம், இன்னும் பாட்டு, முடிந்தால் சோறும் பருப்பும். இருக்க விரும்புகிறவர்கள் மூன்று மணி வரை இருக்கட்டும். ஹட்டன் பையனுக்கும் உங்கள் மாமியாருக்கும் ஒரே ஞாயிறு போதும்.

இது நான் கண்டுபிடித்த ஒழுங்கும் இல்லை. ஆதிச் சபையில் வாசிப்பும் பிரசங்கமும் முடிந்ததும், இன்னும் ஞானஸ்நானம் பெறாதவர்களை ஜெபத்தோடு அனுப்பிவைத்தார்கள். மற்றவர்கள் திருவிருந்துக்கு இருந்தார்கள். இலத்தீன் வழிபாட்டின் முடிவில் குருவானவர் சொல்லும் வாக்கியத்தில் 'மிஸ்ஸா' என்று ஒரு சொல் வரும், அனுப்பிவைத்தல் என்று பொருள். கத்தோலிக்கப் பூசைக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயரே அதிலிருந்து வந்ததுதான். உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், சிரிப்பார்.

இடையில் எழுந்து போவது பாவமா என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. பாவம் இல்லை. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்துக்குச் செவ்வாய்க்கிழமைகளில் போய்ப் பாருங்கள். ஐந்து நிமிடம் நின்று மெழுகுதிரி ஏற்றிவிட்டுப் புறக்கோட்டை பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களும் இருப்பார்கள், அரை நாள் முழங்காலில் இருப்பவர்களும் இருப்பார்கள். யாரும் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை. பாஸ்டர் மேடையிலிருந்து சொன்ன வார்த்தை தவறு. ஒரு பதினைந்து வயதுப் பையனை ஒலிவாங்கியால் அடிக்கக் கூடாது. இதை அவரிடம் நேரில் சொல்லலாம், ஆனால் முதல் சந்திப்பிலேயே வேண்டாம்.

அந்தச் சந்திப்புக்குப் போகுமுன் ஒரு வேலை இருக்கிறது. நான்கு ஞாயிறு ஒரு சின்னக் கொப்பியில் நேரத்தைக் குறித்துவையுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது, பாட்டு எவ்வளவு, சாட்சி எவ்வளவு, அறிவித்தல், காணிக்கை, பிரசங்கம், கடைசி ஜெபம். முழுக் குற்றமும் பிரசங்கத்தின் மேல்தான் விழும் என்று நினைப்பீர்கள். என் கடைசிச் சேகரத்தில் ஆராதனை நீளுகிறது என்று சபையார் முறைப்பட்டபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். குறித்துப் பார்த்தால் பிரசங்கம் 28 நிமிடம், அறிவித்தல்கள் 19 நிமிடம். முந்திய நாளே எல்லோருடைய தொலைபேசிக்கும் அனுப்பிய அறிவித்தல்கள்! அது போதாதென்று ஒரு பெரியவர் ஜெபத்துக்குள்ளும் அவற்றைத் திரும்பச் சொல்வார்: "ஆண்டவரே, வருகிற சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு ஆலய மண்டபத்தில் நடைபெற இருக்கும் பெண்கள் கூட்டத்தை ஆசீர்வதியும்." ஆண்டவருக்கு இடமும் நேரமும் தெரியாதா?

உங்கள் சபையில் வேறு எங்காவது நேரம் கசியலாம். பாட்டுக் குழுவின் தலைவர் இரண்டு பாட்டுக்கு நடுவில் சின்னதாக ஒரு பிரசங்கம் செய்கிறாரா, ஒரே பல்லவி எத்தனை தரம் திரும்புகிறது, "கடைசியாக" என்று பிரசங்கியார் எத்தனை முறை சொல்கிறார் என்று பாருங்கள். தேர் இருப்பிடத்துக்கு வந்து நின்ற பிறகும் வடத்தை விடாமல் இழுக்கும் பிரசங்கியார் எல்லாச் சபையிலும் உண்டு. நானும் இழுத்திருக்கிறேன். புதுவருட உடன்படிக்கை ஆராதனையில் ஐம்பத்தைந்து நிமிடம் பேசிவிட்டு வாசலில் கைகொடுக்க நின்றேன். ஒரு மூதாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, இன்றைக்கு மூன்று பிரசங்கம் கேட்டேன், மூன்றும் நல்லாய் இருந்தது. வீட்டுக்கு எதைக் கொண்டுபோவது?" என்றார். அதற்குப் பிறகு இருபத்தைந்து நிமிடத்தைத் தாண்டியதில்லை. சரி, அபூர்வமாகத்தான் தாண்டினேன்.

பாஸ்டரைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். நாலு மணி நேரம் பேசி முடித்தவர் களைத்திருப்பார். அந்த நேரத்தில் வரும் எந்தச் சொல்லும் குத்தும். ஒரு வார நாள் மாலை, முடிந்தால் அவருடைய மனைவியும் இருக்கும்போது, மாமியாரோடு போங்கள். "எல்லோரும் சொல்கிறார்கள்" என்று தொடங்க வேண்டாம். யார் யார் என்று அவர் கேட்பார், பிறகு அது வேறு சண்டையாகிவிடும். சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரிகூட எழுத வேண்டாம். உங்கள் வீட்டுக் காரியத்தை மட்டும் சொல்லுங்கள்: "பாஸ்டர், அம்மாவுக்குச் சாப்பாட்டு நேரம் தவறக் கூடாது. பிள்ளைக்கு வகுப்பு. ஆராதனையை விட்டுப் போக எங்களுக்கு மனமில்லை. எத்தனை மணிக்கு முடியும் என்று முன்கூட்டியே சொன்னால் நாங்கள் ஒழுங்குபடுத்திக்கொள்வோம்." இவ்வளவுதான் கேட்பது. குறைக்கச் சொல்லிக் கேட்கவில்லை என்பதை அவர் கவனிப்பார். அவர் இளகினால், நடுவில் ஆசீர்வாதம் கூறும் யோசனையைச் சொல்லுங்கள். கொப்பியை அதற்குப் பிறகு, அவர் கேட்டால் மட்டும், காட்டுங்கள். இளகாவிட்டால் பன்னிரண்டரை மணிக்கு நீங்கள் மூவரும் எழுந்து போங்கள், வாரம் தவறாமல், ஒரே நேரத்தில். இரண்டு மாதத்தில் சபை பழகிவிடும்.

கணவரைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஒன்று மட்டும். அவர் பூசையின் நேரத்தைச் சொன்னதும் நீங்கள் உங்கள் சபையின் அபிஷேகத்தைச் சொல்லியிருப்பீர்கள்; இந்த வழக்கு எந்த வீட்டிலும் தீர்ந்ததில்லை. வாரத்தில் வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருக்கக் கிடைப்பது அந்த ஒரு நாள். இரண்டு மணிக்கு நீங்கள் வீடு வந்து, மூன்று மணிக்குச் சமைத்துச் சாப்பிட்டு, ஐந்துக்குத் திங்கட்கிழமை உடைகளுக்கு இஸ்திரி போடும்போது, அவருக்கு மிச்சமிருப்பது எவ்வளவு? அவர் எண்ணியது அந்த மணிகளாக இருக்கலாம். மாதத்தில் ஒரு ஞாயிறு அவரோடு பூசைக்குப் போங்கள். நற்கருணை பெற முடியாதே என்று தயங்க வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். "என்னோடு திரும்பி வாருங்கள்" என்ற பேச்சை அன்றைக்கு எடுக்காதீர்கள்.

மகனுக்கு: ஒன்றரை வகுப்புக்குப் பன்னிரண்டே முக்காலுக்காவது காலி வீதிக்கு வந்துவிட வேண்டும். ஞாயிறு மத்தியானம் 100, 101 இலக்கப் பஸ்களை நம்பி அதற்குமேல் தாமதிக்க முடியாது. பன்னிரண்டரைக்கு எழும்பட்டும். பின் கதவால் நழுவ வேண்டாம். காலையில் உள்ளே வரும்போதே, "பாஸ்டர், இன்றைக்குப் பன்னிரண்டரைக்குப் போக வேண்டும்" என்று சொல்லி வணக்கம் வைத்துவிட்டு, நேரமானதும் முன் வாசலால் போகட்டும்.